பழைய பிக்கப் வாகனங்களில் ஓட்டோ கியர் ஏன் அரிதாக இருந்தது?

இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, கையில் உள்ள உதவிப் பணத்தையும் சீட்டுக்காசையும் போட்டு, விளைபொருள் ஏற்றுவதற்குப் பழைய பிக்கப் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கும் இடங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. “ஓட்டோ கியர் எடுப்பமோ, கையால போடுற கியர் எடுப்பமோ?” ஓட்டோ என்றால் வீட்டில் எவரும் இலகுவாக ஓடப் பழகலாம் என்பார் ஒருவர். பழுதானால் யார் திருத்துவது என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

இதே கேள்வியை 1950களில் அமெரிக்கக் கமக்காரரும் தமக்குள் கேட்டுக்கொண்டார்கள். பிக்கப் வாகனம் பிறந்து வளர்ந்தது அவர்களுடைய கமங்களிலேதான். அந்நாட்டுக் கார்களில் தானாக மாறும் கியர் மிக வேகமாகப் பரவிய அந்தக் காலத்திலும் பிக்கப் வாகனங்களில் அது மிக அரிதாகவே இருந்தது. கமக்காரர் பழமைவாதிகள், புதியதைக் கண்டு பயந்தவர்கள் என்று இதற்குக் காரணம் சொல்வோர் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கணக்கை இங்கு சற்று விரிவாகப் பார்ப்போம்.

கியர் எதற்கு?

வண்டில் மாடு நின்ற நிலையிலிருந்தே தம் பிடித்து இழுக்கும். சேற்றில் புதைந்த வண்டிலை அசைக்கும்போதுதான் அதன் முழுப் பலமும் வெளிப்படும். எஞ்சின் அப்படியானது அல்ல. நின்ற எஞ்சினுக்குப் பலமே இல்லை. நிமிடத்துக்குப் பல நூறு தடவை சுழன்றால்தான் அது வேலை செய்யும். எனவே, வேகமாகச் சுழலும் எஞ்சினை நின்றுகொண்டிருக்கும் சில்லுடன் சேர்ப்பதற்கு இடையில் ஏதாவது ஒன்று வேண்டும். அந்த இடைவேலையைக் கிளச்சும் கியர்ப்பெட்டியும் செய்கின்றன. எஞ்சின் ஏழு சுற்றுச் சுற்ற வெளியே போகும் தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் வேகம் குறையும். இழுவை ஏறத்தாழ ஏழு மடங்காகும். இதுதான் கீழ்க் கியர். வாகனம் ஓடத் தொடங்கியபின் அவ்வளவு இழுவை வேண்டியதில்லை, வேகமே வேண்டும். ஆகவே மேல் கியருக்கு மாற்றுகின்றோம். அந்த மாற்றத்தைச் சாரதியின் காலும் கையும் செய்தால் அது கைக்கியர். வாகனமே செய்துகொண்டால் அது ஓட்டோ கியர்.

கால் மாற்றிய கியர்

அமெரிக்கக் கமக்காரரின் முதல் மோட்டார் வாகனம் பெரும்பாலும் போர்ட் கொம்பனியின் ‘மொடல் ரீ’ ஆகும். 1908 தொடக்கம் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டது. எஞ்சின் 20 குதிரைவலு மட்டுமே. கமக்காரர் அதன் பின்பக்கத்தை வெட்டித் தாமே பலகைப் பெட்டி அடித்துப் பால் கானும் கோழிக்கூடும் ஏற்றினார்கள். இதைக் கண்ட கொம்பனி 1925இல் பெட்டி பூட்டிய வாகனத்தைத் தானே விற்கத் தொடங்கியது. விலை 281 டொலர். பெட்டியின் நீளம் நாலரை அடிக்குச் சற்றுக் கூட. தொழிற்சாலையிலேயே பூட்டி வந்த பிக்கப் வாகனங்களின் வரிசையில் இதனையே முன்னோடியாகக் கூறுவர்.

இந்த வாகனத்தின் கியர் அமைப்பு விசித்திரமானது. தரையில் மூன்று மிதிகள். இடது மிதியை முழுவதும் அழுத்தினால் கீழ்க் கியர். கையால் இழுக்கும் நெம்பை முன்னே தள்ளிவிட்டு அந்த மிதியை விட்டுவிட்டால் மேல் கியர். பாதியில் பிடித்தால் வாகனம் நிற்கும், எஞ்சின் ஓடும். நடு மிதி பின்னே போக. வலது மிதி பிரேக். பெற்றோல் கூட்டிக் குறைப்பது ஸ்ரேறிங்கின் அருகே உள்ள சிறு நெம்பால்! முன்னே இரண்டு கியர், அவ்வளவுதான். பல்லோடு பல் உரசிக் கியர் கத்தும் பிரச்சினை இதில் இல்லை. ஏனென்றால் பற்சில்லுகள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருந்தன. நடுவில் ஒரு சில்லு, அதைச் சுற்றிச் சிறு சில்லுகள், சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல. அவற்றைத் தாங்கிய உருளைகளைத் துணிப் பட்டி ஒன்று இறுக்கிப் பிடித்தால் ஒரு வேகம், விட்டால் இன்னொரு வேகம். மிதி செய்த வேலை அந்தப் பட்டியை இறுக்குவதுதான்.

நீண்ட ஏற்றம் ஒன்றில் இடது காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கால் மரத்துப் போகும். பட்டித் துணியும் தேயும். ஆனால் தேய்ந்த பட்டியைக் கமக்காரரே மேல்மூடியைக் கழற்றி மாற்றினார். அப்படிக் கழற்றும்போது சுரை ஒன்று கைதவறி உள்ளே விழுந்துவிட்டால் அன்றைய பொழுது அத்தோடு சரி.

இதனை நாம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னாளில் வந்த ஓட்டோ கியரின் உள்ளேயும் இருந்தவை இதே வகைப் பற்சில்லுகளும் இதே போன்ற பட்டிகளுமே. காலுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தம் அவற்றை இறுக்கியது. ஆக, ஓட்டோ கியரின் பாதியைக் கமக்காரர் முன்பே அறிந்திருந்தார். அவருக்குப் புதியதாக இருந்தது மற்றப் பாதிதான்.

எண்ணெய் மாற்றிய கியர்

1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ‘ஹைட்ரா-மற்றிக்’ என்னும் கியர்ப்பெட்டி வந்தது. ஜெனரல் மோட்டோர்ஸ் கொம்பனியில் ஏர்ல் தொம்சன் என்னும் பொறியியலாளரின் தலைமையில் உருவானது இது. சத்தமில்லாமல் கியர் விழச்செய்யும் அமைப்பை 1928இல் கடிலாக் கார்களுக்குத் தந்தவரும் இவரே. தொடக்கத்தில் இதற்காக 57 டொலர் மேலதிகமாகக் கேட்டார்கள். இதில் கிளச் மிதியே கிடையாது.

அது எப்படி வேலை செய்தது? இரண்டு சிரட்டைகளை வாயோடு வாய் வைத்தது போன்ற ஓர் உலோகக் கூடு. இரண்டுக்கும் உள்ளே தகடுகள். இடையில் எண்ணெய். ஒன்றை எஞ்சின் சுழற்ற, அது எண்ணெயை மற்றதன்மேல் வீசுகின்றது. மற்றதும் சுழலத் தொடங்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது எண்ணெயின் வேகம் போதாமையால் வாகனம் நிற்கலாம், எஞ்சின் நின்றுபோகாது. அதன் பின்னால் நான்கு வேகங்கள் கொண்ட பற்சில்லுத் தொகுதி. எந்த வேகத்தை எப்போது எடுப்பது என்பதைத் தீர்மானிக்கத் தராசு போன்ற வால்வுகள். ஒரு பக்கத்தில் வாகனத்தின் வேகத்தோடு கூடும் எண்ணெய் அழுத்தம். மறுபக்கத்தில் சாரதி அக்சிலேற்றரை மிதிப்பதோடு கூடும் அழுத்தம். எந்தப் பக்கம் கனக்கின்றதோ அந்தப் பக்கம் வால்வு நகரும், கியர் மாறும். மின்சாரமோ கணினியோ இல்லாமல் எண்ணெயே முடிவெடுத்தது என்று சொன்னாலும் தகும்.

இத்தகைய பெட்டி பாரவேலைக்குத் தாங்காது என்ற பேச்சு அக்காலத்தில் பரவலாக இருந்தது. அது சரியல்ல. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் எம்5 இலகுரகத் தாங்கிகளில் இரண்டு கடிலாக் எஞ்சின்களும் இரண்டு ஹைட்ரா-மற்றிக் பெட்டிகளும் பூட்டப்பட்டிருந்தன. தாங்கியை இழுத்த பெட்டிக்கு வைக்கோல் ஏற்றிய பிக்கப் ஒரு பாரமா? எனவே கமக்காரர் அதனை ஒதுக்கியதற்குக் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

1942 பெப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி போருக்காக நிறுத்தப்பட்டது. போர் முடிந்தபின் செவ்ரோலே தனது புதிய பிக்கப் வரிசையை 1947இலும், போர்ட் தனது ‘எஃப்’ வரிசையை 1948இலும் கொண்டுவந்தன. இரண்டிலும் கைக்கியர் மட்டுமே. கார்களிலோ ஓட்டோ கியர் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. விலை குறைந்த செவ்ரோலே காருக்கும் 1950இல் வந்துவிட்டது. பிக்கப் வாகனத்தில் போர்ட் அதனை 1953இலும், செவ்ரோலே 1954இலும்தான் கொடுக்கத் தொடங்கின. அதுவும் மேலதிகப் பணம் கட்டி விரும்பிக் கேட்போருக்கு மட்டும். கேட்டவர்கள் சிலரே.

கமக்காரரின் கணக்கு

முதலாவது, மெதுவாகப் போகும் வல்லமை. பாரம் ஏற்றும் பிக்கப் வாகனங்களுக்கு நான்கு வேகக் கைக்கியர் ஒன்று கிடைத்தது. செவ்ரோலேயில் அதன் முதல் கியரில் எஞ்சின் ஏழு சுற்றுக்குத் தண்டு ஒரு சுற்று. வெறும் வாகனத்தை ஓட்டும்போது அந்தக் கியரைத் தொடவே மாட்டார்கள், இரண்டாவதில்தான் எடுப்பார்கள். ‘ஆச்சி கியர்’ என்ற பொருளில் அதற்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். ஆனால் சேற்று வயலில், கல் ஏற்றிய நிலையில், அந்த ஆச்சியே கைகொடுப்பாள். மனிதர் நடக்கும் வேகத்திலும் குறைவாக வாகனம் ஊரும். பனிக்காலத்தில் மாட்டுப் பண்ணைக்காரர் அந்தக் கியரில் போட்டு, ஸ்ரேறிங்கை நேரே வைத்துவிட்டு, சாரதி இல்லாமல் ஊரவிட்டுப் பின்பெட்டியில் ஏறி நின்று மாடுகளுக்கு வைக்கோல் எறிவதும் உண்டு. ஒருவர் இரண்டு பேரின் வேலையைச் செய்தார். (இதனை எமது ஒழுங்கைகளில் எவரும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.)

ஹைட்ரா-மற்றிக்கின் முதல் வேகம் ஏறத்தாழ 3.8 சுற்றுக்கு ஒன்று. அதாவது ஆச்சி கியரின் பாதியளவு. செவ்ரோலே கார்களில் வந்த ‘பவர்கிளைட்’ பெட்டியில் அது 1.8 மட்டுமே. அந்தப் பெட்டியில் எண்ணெய் இணைப்பும் இழுவையைச் சற்றுப் பெருக்கித் தரும் என்பது உண்மைதான். என்றாலும் நெடுநேரம் மெதுவாக இழுக்கும் வேலையில் எண்ணெய் நழுவும். நழுவும் எண்ணெய் சூடாகும். அந்தச் சூடெல்லாம் நாம் காசு கொடுத்து வாங்கிய எரிபொருள். அன்றைய பிக்கப் எஞ்சின்களோ 90, 100 குதிரைவலு அளவிலானவை. அதில் ஒரு பகுதியைச் சூடாக இழப்பதற்கு எந்தக் கமக்காரருக்கும் மனம் வராது.

இரண்டாவது, பக்க வேலைகள். கைக்கியர்ப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றி, எஞ்சின் சுழற்சியை வெளியே எடுக்கும் சிறு பெட்டியைப் பூட்டலாம். அதிலிருந்து பாரம் இழுக்கும் வின்ச், பின்பெட்டியைத் தூக்கிக் கொட்டும் பம்பி முதலியவற்றை இயக்கலாம். மொடல் ரீ காலத்திலேயே பின்சில்லை உயர்த்தி வைத்துப் பட்டி போட்டு மரம் அரிந்தவர்கள் இவர்கள். வாகனம் அவர்களுக்கு வீதியில் ஓடுவது மட்டுமன்று. நிற்கும்போதும் உழைக்க வேண்டிய ஒன்று. காருக்காகச் செய்த ஓட்டோ பெட்டியில் அதற்கு இடம் வைக்கவில்லை.

மூன்றாவதே மிக முக்கியமானது என்று நாம் கருதுகின்றோம். திருத்துவது யார்? கைக்கியர்ப் பெட்டியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிவது பற்சில்லும் தண்டும். எது உடைந்தது என்று பார்த்தாலே தெரியும். ஊர்க் கொல்லரும் கமக்காரரும் சேர்ந்து ஒரு நாளில் பூட்டிவிடலாம். ஓட்டோ பெட்டியைத் திறந்தால் நூற்றுக்கணக்கான சிறு பாகங்கள், நூல் அளவு எண்ணெய் வழிகள், வால்வுகள். ஒரு தூசி அடைத்தாலும் கியர் மாறாது. அழுத்தம் அளக்கும் கருவி வேண்டும். பயிற்சி பெற்றவர் வேண்டும். பாகம் தொழிற்சாலையிலிருந்து வர வேண்டும். அந்தத் தொழிற்சாலைக்கே ஒன்று நடந்தால்? நடந்தது. 1953 ஓகஸ்ட் 12இல் மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் இருந்த ஹைட்ரா-மற்றிக் தொழிற்சாலை எரிந்து அழிந்தது. கடிலாக், ஓல்ட்ஸ்மொபில், பொன்ரியாக் கார்களுக்கு அதே கொம்பனியின் வேறு வகைப் பெட்டிகளை அவசரமாகப் பூட்டி அனுப்ப வேண்டியதாயிற்று. அறுவடை நாளில் வாகனம் படுத்துவிட்டால் விளைந்தது வயலிலேயே போகும் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

எமது அனுபவமும் இதையே காட்டுகின்றது. 1990இல் யாழ். குடாநாட்டுக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்ட பின்னர் பல ஆண்டுகள் அங்கு ஓடியவை எவை? 1940களின் இறுதியிலும் 50களிலும் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்கள். கையால் கியர் போடும் எளிய வாகனங்கள். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை கண்ணைக் கரிக்கும். ஆனால் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவார். பற்றரி செத்தாலும் நாலு பேர் தள்ளினால் எஞ்சின் எழும்பும். உதிரிப்பாகம் இல்லையென்றால் பட்டறையில் கடைந்து போட்டார்கள். பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் இந்த முறை 1917இல் வந்த போர்ட்சன் உழவு இயந்திரத்துக்கு உரிய முறைதான். அன்று மலிவுக்காகச் செய்ததை எம்மவர் வேறு வழியின்றிச் செய்தார்கள்.

இன்று நிலைமை என்ன?

இன்று அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். கியர்களின் எண்ணிக்கை கூடி, எஞ்சின் வலு பல மடங்காகி, மெதுவாக இழுப்பதிலும் எரிபொருளிலும் ஓட்டோ பெட்டி கைக்கியரை எட்டிப் பிடித்துவிட்டது. அந்நாட்டின் பெரிய பிக்கப் வாகனங்களில் கைக்கியர் 2018ஆம் ஆண்டு மாதிரியோடு முடிவுக்கு வந்தது. 1950களின் பிக்கப் ஒன்று ஓட்டோ கியரோடு எங்காவது காட்சிக்கு நின்றால், அது பெரும்பாலும் பிற்காலத்தில் வேறு வாகனத்திலிருந்து கழற்றிப் பூட்டியதாகவே இருக்கும்.

எனவே 1953இல் கமக்காரர் போட்ட கணக்கின் விடையை இன்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். பாவித்த ஓட்டோ பிக்கப் ஒன்றைப் பார்க்கப் போகின்றவர்கள், அளவுகோல் உள்ளதாயின் அதை இழுத்துக் கியர் எண்ணெயைப் பார்க்கலாம். பெரும்பாலான வாகனங்களில் அது சிவப்பு நிறமாகத் தெளிந்திருக்க வேண்டும். கறுத்துக் கருகிய மணம் வந்தால் உள்ளே தகடுகள் எரிந்துள்ளன என்று பொருள். விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது பிரேக்கை மிதித்தபடி கியரை முன்னுக்கும் பின்னுக்கும் போட்டுப் பாருங்கள்; நெடுநேரம் தாமதித்துப் பின் ‘டக்’ என்று இடித்து விழுந்தால் அதுவும் நல்ல அறிகுறி அல்ல. வாங்கியபின் வழியில் நின்றுவிட்டால், இழுவைச் சில்லுகள் நிலத்தில் உருளும்படி கயிறு கட்டி இழுக்கக் கூடாது. எஞ்சின் நின்றால் எண்ணெய்ப் பம்பியும் நிற்கும்; உள்ளே எண்ணெய் இல்லாமல் பற்சில்லுகள் சுழன்று எரியும். அச்சில்லுகளை உயர்த்தியே கொண்டுபோக வேண்டும். இக்கால ஓட்டோ வாகனத்தைத் தள்ளி இயக்கவும் முடியாது. எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஓட்டோ பெட்டி திருத்தத் தெரிந்த கராஜ் உங்கள் ஊரிலிருந்து எத்தனை மைலில் உள்ளது என்று விசாரியுங்கள். பெட்டியைக் கழற்றி நகரத்துக்கு அனுப்ப வேண்டும் என்றால், அந்தச் செலவையும் வாகனத்தின் விலையோடு கூட்டிப் பார்ப்பதே முறை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1946இல் அமெரிக்க அரசு, போரில் கால் இழந்த படையினர் ஒவ்வொருவருக்கும் கார் வாங்க 1,600 டொலர் வரை கொடுக்கச் சட்டம் இயற்றியது. கிளச் மிதிக்க இடது கால் இல்லாதவருக்கு ஹைட்ரா-மற்றிக் கார் ஆடம்பரப் பொருளாக இருக்கவில்லை. தொழிலுக்கும் வீட்டுக்கும் இடையிலான வழியாக இருந்தது. எமது குடும்பங்களிலும் கண்ணிவெடியிலும் ஷெல் வீச்சிலும் கால் இழந்தவர்கள் இருக்கின்றார்கள். இடது கால் இல்லாத ஒருவர், வலது காலால் மட்டும் ஓட்டோ பிக்கப் ஒன்றை ஓட்டிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோக முடியும். கைக்கியர் வாகனமென்றால் அவர் பக்கத்து இருக்கையிலேதான் இருக்க வேண்டும். சேர்ந்து வாங்கும் குடும்பங்களில் அப்படி ஒருவர் இருந்தால், கராஜ் இருக்கும் தூரத்தை அளப்பதற்கு முன் அவரிடம் கேளுங்கள்.